மாஜிஸ்திரேட் முன்னால் பட்டுவேட்டி

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் என் வீட்டுக்காரர், நான் பொங்கிய சோற்றைத் தொடமாட்டேன் என்றார். அதில் நான் விஷம் வைக்கிறேனாம்! சோழவந்தானில் கொடிக்கால் வைத்து வெற்றிலை விற்ற மனிதர், தூக்கமில்லாமல் இளைத்துத் துரும்பாகிப் போனார். கோயிலில் சங்கிலி போட்டு வைக்கலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். "எவன் கட்டுறான்னு பாக்கேன்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மெட்ராஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமானால், அன்றைய சட்டப்படி மாஜிஸ்திரேட் நேரில் பார்த்து உத்தரவு போட வேண்டும் என்றார்கள். மதுரைக் கோர்ட்டுக்குக் கிளம்பினோம். பெரிய அதிகாரி முன்னால் நிற்கப் போகிறாரே என்று, சவரம் செய்து, திருநீறு பூசி, கல்யாணப் பட்டுவேட்டியைக் கட்டிவிட்டார் அவருடைய அண்ணன். "கேக்குறதுக்கு அடக்கமா பதில் சொல்லுடா தம்பி. குடும்ப மானம்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

கோர்ட்டில் சொன்னாரே பதில், என் வீட்டுக்காரர்! கொடி நடுவது, தண்ணீர் கட்டுவது, கொழுந்து கிள்ளுவது என்று கோர்வையாகச் சொன்னார். மாஜிஸ்திரேட் ரசித்துக் கேட்டார்.

"மாப்பிள்ளை மாதிரி கூட்டிட்டு வந்திருக்கீங்க. இவரை எப்படிம்மா அனுப்புறது?" என்றார் என்னிடம். "இங்கே பெரியாஸ்பத்திரியிலேயே மனநோய் வார்டு இருக்கு. அவரே சம்மதிச்சா உத்தரவு எதுக்கு? நீங்க கூடத் தங்கினாப் போதும்."

வெளியே வந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "பொண்ணு பாக்கவா கூட்டியாந்தீக?" போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. விஷம் வைக்கிறவள் கூப்பிடும் இடத்துக்கு இந்த மனிதர் சம்மதிப்பாரா?

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் எங்களை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டார். "இங்க தங்குறீங்களா? தூக்கத்துக்கு மருந்து தர்றேன்."

பதில் சொல்ல வாயெடுத்த அண்ணனை ஒரு முறை முறைத்தேன். அவர் அடங்கினார். என் வீட்டுக்காரர் என்னையும் டாக்டரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தங்குறேன். சோறு ஆஸ்பத்திரிச் சோறுதான். இவ தொடக்கூடாது." பிறகு சொன்னார்: "ஆனா இவ பக்கத்துல இருக்கணும்."

"இருக்கேன்" என்றேன்.

எண்பதுகளின் கடைசியில் அந்தப் பழைய சட்டத்தை மாற்றினார்கள். நோயாளி தானே கேட்டுச் சேர வழி தெளிவாயிற்று என்று பேப்பரில் வந்தது. நல்ல காரியம். என் வீட்டுக்காரரை எவரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, அவரே சம்மதித்துத்தான் தங்கினார் என்று அதற்குப் பத்து வருஷம் முன்பே ஊரில் தலைநிமிர்ந்துதான் சொன்னேன்.

ஆனால் அன்று பெரியாஸ்பத்திரியில் மருந்து மெல்ல மெல்லத்தான் பிடித்தது. வார்டில் ஒரு மத்தியானம், எனக்கென்று நானே பொங்கி வைத்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்தேன். அவர் தன் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"அதுல என்ன?"

"ரசஞ்சோறு."

"எனக்கும் போடு" என்றார்.