நெருப்பில் விழாத மாத்திரைகள்

எடாசி எளிதில் யாரையும் நம்புகிறவள் அல்ல. சந்தையில் பயறு வாங்கினால் மூட்டையின் அடிவரை கைவிட்டுத் துழாவிப் பார்ப்பாள். ரும்பி என்ற சிறுநகருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். கணவர் ஜோபே மிசிஸ்கா சைக்கிள் பழுது பார்ப்பவர், ஆலயத்தில் மூப்பர். மகள் லுசுங்குவுக்குப் பதினாறு வயது. ஏழு வயதிலிருந்து வலிப்பு. தினம் ஒரு மாத்திரை விழுங்கினால் அடங்கியிருக்கும். தவறினால் எங்கேயாவது விழுந்து கிடப்பாள்.

அந்த மே மாதம் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம் நடத்தினார். கடைசி நாள் லுசுங்குவின் தலையில் கைவைத்து, "சுகமாச்சு! இனி மாத்திரை தின்னா அது அவிசுவாசம். நெருப்புல போடுங்க!" என்றார். ஜோபே எழுந்து நின்று கண்ணீரோடு சாட்சி சொன்னார். எடாசி வீட்டுக்கு ஓடிப்போய் மாத்திரைச் சீசாவை எடுத்துவந்து, ஊரே பார்க்கப் பந்தல் முன் எரிந்த தீயில் எறிந்தாள்.

சீசாவுக்குள் இருந்தது சோளம். மாத்திரைகள் வீட்டில் பீன்ஸ் டப்பாவின் அடியில் பத்திரமாக இருந்தன. சோளம் பொரிந்த சத்தம் நல்லவேளையாகக் கூட்டத்தின் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

அன்று முதல் மாலையில் தண்ணீர் அடிக்கப் போகும்போது குழாயடியில் வைத்து மகளுக்கு மாத்திரை கொடுத்தாள். "அப்பாகிட்ட மூச்சு விடாதே. மூப்பர் மனசு ஒடிஞ்சிரும்."

மூன்று வாரம் போனது. வலிப்பு வரவில்லை. ஆனால் லுசுங்கு வகுப்பிலேயே தூங்கினாள். நாக்குக் குழறியது. நடக்கும்போது சுவரில் இடித்துக்கொண்டாள்.

எடாசியின் மனம் ஒவ்வொரு பக்கமாகப் பாய்ந்தது. முதலில் மகள் கர்ப்பமோ என்று பயந்து, நாள் எண்ணி விசாரித்துப் பார்த்தாள். அது இல்லை. அடுத்து நாத்தனார் மலியா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோப்வா என்னும் சோளக்கஞ்சி கொண்டுவந்து, "குடி தங்கம், தெம்பு வரும்" என்று லுசுங்குவைக் கொஞ்சுகிறாளே, இந்தத் திடீர்ப் பாசம் எதற்கு? அவள் தலை மறைந்ததும் கஞ்சியைக் கோழிகளுக்கு ஊற்றினாள். லுசுங்குவின் தள்ளாட்டம் குறையவில்லை. ஆண்டவரை ஏமாற்றியதற்குத் தண்டனையோ என்றும் நடுங்கினாள். ஜெபத்தில் வாய் திறக்கவே கூசியது.

பிறகுதான் கணவரைக் கவனித்தாள். மனிதர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பள்ளிக்கு நடந்தே போன பெண்ணை இப்போது தானே சைக்கிளில் ஏற்றிப் போகிறார். கேட்டால், "வழிதானே" என்கிறார். பட்டறை நேர் எதிர்த்திசையில் இருக்கிறது!

மறுநாள் காலை எடாசி குறுக்கு வழியில் ஓடிப்போய்ச் சோளக்கொல்லைக்குள் நின்றாள். சைக்கிள் வந்தது. வளைவில் நின்றது. ஜோபே சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மகள் உள்ளங்கையில் எதையோ வைத்தார்.

"என் பிள்ளைக்கு என்னத்தைக் கொடுக்கிறீங்க?"

ஜோபே திடுக்கிட்டதில் சைக்கிள் சரிந்தது. எடாசி மகளின் கையை விரித்தாள். நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரை. ஒன்பது வருஷமாகப் பார்த்த அதே மாத்திரை.

"நீ எல்லாத்தையும் எரிச்சுட்டியே," ஜோபே முனகினார். "நனைஞ்சு போச்சுன்னு பொய் சொல்லி ஆஸ்பத்திரியில வாங்கினேன். உன் விசுவாசத்தைக் கெடுக்க வேண்டாம்னுதான்..."

"என் விசுவாசமா? நான் எரிச்சது சோளம், மனுஷா!"

இருவரும் மகளைப் பார்த்தார்கள். அவள் கண்கள் பாதி மூடியிருந்தன.

"நீ அப்பாகிட்ட சொல்லாதேன்னே. அப்பா உன்கிட்ட சொல்லாதேன்னாரு," நாக்குக் குழற அவள் சொன்னாள். "நான் யாரைக் காட்டிக் கொடுக்கிறது?"

அப்படியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே நர்ஸம்மா இருவரையும் வரிசையில் நின்றவர்கள் முன்பாகவே வாங்கு வாங்கென்று வாங்கினார். "இன்னும் ஒரு மாசம் இப்படிக் கொடுத்திருந்தா எழுந்திருக்கவே மாட்டா, தெரியுமா?" லுசுங்கு நான்கு நாள் அங்கேயே படுத்துத் தெளிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜோபே ஆலயத்தில் எழுந்தார். "அன்னைக்கு நான் சொன்ன சாட்சி பாதிதான் உண்மை" என்று தொடங்கி மீதியையும் சொன்னார். யாரும் ஆமென் சொல்லவில்லை. சபைக் குழு கூடி மூன்று மாதம் மூப்பர் இருக்கையிலிருந்து அவரை இறக்கியது. எடாசியும் பின்வரிசைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மலியாவிடமும் உண்மையைச் சொன்னாள். அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "என் கஞ்சியைக் கோழிக்கா ஊத்தினே? அதான் அதுங்க மட்டும் கொழுத்துத் திரியுதா!" சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் கஞ்சி வரவில்லை.

மருத்துவமனையில் தந்த புது மாத்திரைச் சீசாவை லுசுங்கு தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். "இனி நானே பார்த்துக்கிறேன். ரெண்டு பேரும் ஜெபம் மட்டும் பண்ணுங்க, போதும்."

நவம்பரில் ஒருமுறை வலிப்பு வந்தது. எடாசி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். ஜோபே தலைக்கடியில் தன் சட்டையை மடித்து வைத்தார். அடங்கும்வரை இருவரும் சத்தமாகவே ஜெபித்தார்கள். அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். எடாசி கதவைச் சாத்தவில்லை.