பதினாறு வீட்டுக்கும் ஒரே முகம்

தேன்மொழி கல்லூரியில் விளையாட்டு படிக்கிறாள் என்பது கீழ்வளவில் எல்லோருக்கும் தெரியும். என்ன விளையாட்டு என்பதில்தான் குழப்பம்.

கலந்தாய்வில் அவள் கேட்ட கணினி அறிவியல் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த இடங்களில் ‘கேம்ஸ் அண்ட் கிராபிக்ஸ் புரோகிராமிங்’ என்று ஒன்று இருந்தது. கூடப் போன அப்பா செங்கோடன் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். அந்தப் பெயரில் முதல் வார்த்தை மட்டும் அவருக்குப் பிடிபட்டது. செம்மேட்டுச் சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம், “பிள்ளைக்கு கேம்ஸ்ல இடம் கிடைச்சிருச்சுங்க” என்றார். வாசலூர்பட்டிக்கு மேலே பதினாறு வீடு கொண்ட அந்தச் சின்ன ஊர், அவள் கபடி ஆடுகிறாள் என்று முடிவு செய்துகொண்டது.

இரண்டாம் வருடப் பொங்கலுக்கு அவளையே கபடிக்கு நடுவராக நிறுத்தினார்கள். அவளுக்கு விதிமுறை தெரியாது. யாராவது கீழே விழுந்தால் விசில் ஊதினாள். கடைசியில் இரண்டு அணியும் ஜெயித்ததாக அறிவித்தாள். படித்த பிள்ளை சொல்லும்போது யார் மறுப்பது?

மூன்றாம் வருடம் லேப்டாப்பைத் திறந்து அம்மா ராமாயிக்குக் காட்டினாள். திரையில் ஒரு பந்து படிக்கட்டில் விழுந்து, எழும்பி, உருண்டது.

“இதுக்கா சாமி மூணு வருசம்?”

“விழறது சுலபம்மா. எழும்பறதுதான் கஷ்டம்.”

ராமாயி இன்னொரு தடவை பார்த்தாள். “நல்லாத்தான் எழும்புது” என்றாள்.

கடைசி வருடம் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்து காட்ட வேண்டும். சுதாகர் சார் வகுப்பில் சொன்னார்: “வருசா வருசம் எல்லாரும் இடிஞ்ச நகரமும் துப்பாக்கியுமா கொண்டுவர்றீங்க. ஒருத்தராவது தெரிஞ்ச இடத்தைச் செய்யுங்க.” தேன்மொழி கீழ்வளவைச் செய்வதென்று தீர்மானித்தாள். ஆடுகிறவர் ஒரு மிளகு மூட்டையைச் சுமந்து பதினாறு வீட்டையும் தாண்டி, காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஒரு மாதம் ஊரில் தங்கி ஒவ்வொரு சுவரையும் கூரையையும் மரப்பட்டையையும் படம் பிடித்தாள். அப்புறம் ஊரைக் கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் அவரவர் வீடு அவரவருக்குத் தெரிந்தது. செங்கோடனின் எருமை மெதுவாக நடந்து வந்தது. நேராகப் பக்கத்து வீட்டு வேலப்பனின் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறியது.

கணினிக்குச் சுவரைச் சுவர் என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது வெறும் படம். யார் வேண்டுமானாலும் ஊடுருவிப் போகலாம். தேன்மொழி அப்படிச் சொல்ல மறந்திருந்தாள். அதை அவள் விளக்குவதற்குள் வேலப்பன் எழுந்துவிட்டார்.

“எருமை எங்கூட்டுக்குள்ள போவுது.”

“படத்துலதானுங்க பெரியப்பா.”

“படத்துல யாரூடு அது?”

“உங்க ஊடுதானுங்க.”

“பின்னென்ன.”

மறுநாள் ஊர்க்கவுண்டர் அருணாசலம் முன்னால் பேச்சு நடந்தது. எருமை தன்னுடையதுதான் என்று செங்கோடன் ஒப்புக்கொண்டார். ஆனால் சுவர் உறுதியாக இருந்திருந்தால் அது ஏன் நுழைகிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். படத்து எருமையைக் கட்டிப்போட வேண்டும் என்று தீர்ப்பானது. தேன்மொழி கட்டினாள்.

இப்போது ராமாயிக்குப் பொறுக்கவில்லை. “வெயில்ல தண்ணி இல்லாம நிக்குது பாரு.” தேன்மொழி ஒரு தொட்டி வைத்தாள். எருமை குனிந்து குடிப்பதற்கு மூன்று நாள் வேலை வாங்கியது. தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் சரிவு பார்த்து ஓடி வேலப்பனின் வாசலில் தேங்கியது.

“இது நானாச் செஞ்சதில்லீங்க பெரியப்பா. நிலத்தோட மேடு பள்ளம் செயற்கைக்கோள்ல அளந்தது. தண்ணி அதும்பாட்டுக்கு ஓடுது.”

“நெசத்துலயும் அங்கதான் ஓடுது” என்றார் செங்கோடன்.

வேலப்பன் சற்று நேரம் திரையைப் பார்த்தார். “அப்ப ஒரு வாய்க்கா போட்டுரு கண்ணு.”

தேன்மொழிக்கு ஒப்படைக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே எதிர்வீட்டுப் பரிமளா படத்தில் தன் சுவரிலுள்ள விரிசலை எடுக்கச் சொல்லியிருந்தாள். கடைசி வீட்டு விஜயாவுக்குத் தன் வாசலில் கிடக்கும் விறகுக் குவியல் தெரியக் கூடாது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடுக்க, “ஊர்ல இல்லாதத நான் போட மாட்டேனுங்க” என்று சொல்லிவிட்டாள்.

அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். அடுத்த நாள் காலை வேலப்பன் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். மாலைக்குள் முடித்துவிட்டு, “வந்து போட்டோ எடுத்துக்க” என்று ஆள் அனுப்பினார். பரிமளா விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசி வெள்ளையடித்தாள். விறகு கொல்லைப்புறம் போனது. நாலு வருடமாக உடைந்து கிடந்த குழாய்மேடையை மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து கட்டினார்கள். தேன்மொழி கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். செய்து முடித்ததை அழித்துத் திரும்பச் செய்தாள். அவளுக்கு அழுகை வந்தது. ஊரோ அத்தனை அழகாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஊர்க்கவுண்டர் ஒன்றைக் கவனித்தார். “ஊர்ல ஒரு ஆளக்கூடக் காணமே கண்ணு. எல்லாரும் எங்க போயிட்டாங்க?”

ஆளைத் திரைக்குள் கொண்டுபோக, அவர் கையை விரித்தபடி அசையாமல் நிற்க, சுற்றிச் சுற்றி இருநூறு படம் எடுக்க வேண்டும். பரிமளா பத்தாவது படத்தில் சிரித்துவிட்டாள். விஜயாவுக்கு மூக்கு அரித்தது. வேலப்பன், அந்த எருமையோடு ஒரே படத்தில் இருக்க முடியாது என்று மறுத்துவிட்டார். அசையாமல் நின்றது செங்கோடன் ஒருவர்தான். பலாமரத்தடியில் நாற்பது நிமிடம் கைவிரித்து நின்றார். வாசலூர்பட்டி ஏரிப் படகுத்துறைக்கு வழி கேட்டு வந்த சுற்றுலாக்காரர் பதில் கிடைக்காமல், அவர் பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்.

வேறு வழியில்லாமல் தேன்மொழி பதினாறு வாசலிலும் செங்கோடனையே நிறுத்தினாள். சட்டை நிறத்தை மட்டும் மாற்றினாள்.

வேலப்பன் வந்து பார்த்தார். அவர் வாசலில் பச்சைச் சட்டையில் செங்கோடன் நின்றிருந்தார். இருவரும் சரியாகப் பேசிக்கொண்டு வருடங்கள் ஆகியிருந்தன. காரணம் இருவருக்குமே நினைவில்லை.

“இவன் எங்கூட்டு வாசப்படிய மிதிச்சு எத்தனை வருசமாச்சு? இல்லாததப் போட மாட்டேன்னு சொன்ன பிள்ளைதான நீ?”

பேச்சு மறுபடியும் ஊர்க்கவுண்டரிடம் போனது. அவர் நெடுநேரம் யோசித்தார். “செங்கோடன் போய் அங்க ஒரு தடவ நின்னுட்டு வரட்டும். அப்புறம் அது பொய்யில்லையே” என்றார்.

செங்கோடன் பச்சைச் சட்டை கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போய் வேலப்பன் வாசலில் நின்றார். வேலப்பன் உள்ளேயிருந்து பார்த்தார். கால்மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்து கேட்டார்.

“எவ்வளவு நேரம் நிக்கோணும்?”

“அது சொல்லலீங்க.”

“நிக்கறதுன்னா தண்ணி குடிச்சுட்டு நில்லு.”

தண்ணீருக்குப் பின்னால் டீ வந்தது. டீக்குப் பிறகு மிளகுக் கொடியில் விழுந்த வாடலைப் பற்றிப் பேச்சு தொடங்கி, செங்கோடன் வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. மற்ற வீட்டுக்காரர்கள் விடவில்லை. எங்கள் வாசலில் மட்டும் பொய்யா என்று கேட்டார்கள். அந்த வாரம் முழுக்க அவர் வீடு வீடாக, சட்டை சட்டையாக நின்றார். பதினோரு வீட்டில் சாப்பாடு போட்டார்கள். ஒரு வீட்டில் நிற்கும்போதே தூங்கிவிட்டார்.

கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் பூபதி. ஏதோ விளையாட்டு நிறுவனத்தில் பெரிய பொறுப்பு. திரையில் மிளகு மூட்டையோடு கீழ்வளவை நடந்து பார்த்தார். பஸ்ஸைத் தவறவிட்டார். மறுபடி நடந்தார்.

“எல்லாருக்கும் ஏன் ஒரே முகம்? மத்தவங்களைச் செய்ய நேரமில்லையா?”

“நேரமில்லீங்க சார். ஆனா அவர் எல்லா வாசல்லயும் நெசமாவே நின்னிருக்காருங்க. சட்டை நிறங்கூடச் சரி.”

பூபதி சுதாகரைப் பார்த்தார். சுதாகர் ஜன்னலைப் பார்த்தார்.

“வாய்க்கால் நல்லா இருக்கு” என்றார் பூபதி. “யார் வடிவமைச்சது?”

“வேலப்பன் பெரியப்பாங்க.”

அவர் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார்.

தேன்மொழி முதல் வகுப்பில் தேறினாள். இப்போது பெங்களூரில் வேலை. கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றில் சாலையோரம் இறங்கும் மூடுபனியை அவள்தான் செய்கிறாள். எட்டு மாதமாக அதே பனி. செங்கோடன் போனில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டால் பனி என்கிறாள். அவரும் நிம்மதியாக வைத்துவிடுகிறார்.

சென்ற மாதம் பக்கத்து ஊரான மேல்வளவிலிருந்து நாலு பேர் ராமாயியைப் பார்க்க வந்தார்கள். தங்கள் ஊரையும் கம்ப்யூட்டரில் போட வேண்டுமாம். பாதையைச் சீர்படுத்தி, எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்துவிட்டார்களாம். அசையாமல் நிற்க ஒரு ஆளையும் தேர்ந்தெடுத்துப் பழக்குகிறார்களாம். படிப்பு முடிந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்ல ராமாயிக்கு மனம் வரவில்லை. மகளிடம் போனில் சொன்னாள்.

தேன்மொழி திரையில் ஓடிக்கொண்டிருந்த பனியை நிறுத்தினாள். அப்புறம், “அங்க எத்தனை ஊடும்மா?” என்று கேட்டாள்.