எண்ணி முடிக்கும்வரை நின்றவர்

கடந்த சனிக்கிழமை காலை, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. ‘இன்று வகுப்பு இல்லை’ என்ற முதல் வரியைப் படித்ததுமே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்பாடா, ஒரு காலைப்பொழுது மிச்சம் என்றுதான் நினைத்தேன். எதையும் முழுதாகப் படிக்கிற பொறுமை எனக்கு என்றுமே இருந்ததில்லை. என் மகள் நிலாதான் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். முந்தின நாள் மாலை, கஸ்தூரி மாஸ்டர் மாரடைப்பில் காலமாகிவிட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கஸ்தூரி அவர்கள் நெம்மேலியில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். வார நாட்களில் பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். சனி, ஞாயிறு காலைகளில் ஊரப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் கராத்தே சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள், பெற்றோர், வாட்ச்மேன் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். துறுதுறுவென்று முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகள்மேல் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது.

“வர்றேன்ற புள்ளைய யார் வேணா இஸ்துகினு போலாம் சார். வரமாட்டேன்னு சொல்ற புள்ளதான் நம்ம கேசு” என்பார்.

நிலா அப்படிப்பட்ட கேஸ். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கீபோர்டு, நீச்சல், பரதம், ஓவியம் என்று எதில் சேர்த்தாலும் மூன்றாவது வாரம் வயிற்றுவலி வந்துவிடும். கராத்தேயில் முதல் நாளே வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. மாஸ்டர் என்னைப் படிக்கட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு அவளிடம் போனார்.

“நீ ஒண்ணும் செய்யத் தாவல. இவங்க குத்துறதை எண்ணு, போதும். நீ நிறுத்துனா அவங்களும் நிறுத்துவாங்க.”

இதுதான் அவருடைய முறை. மாட்டேன் என்கிற பிள்ளையின் கையில் வகுப்பையே கொடுத்துவிடுவார். நிலா ஆறுவரை எண்ணிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இருபது பிள்ளைகளும் கையை நீட்டியபடி அப்படியே நின்றார்கள். மாஸ்டரும் நின்றார். ஏழு வருவதற்கு வெகுநேரம் ஆனது. அடுத்த வாரம் பத்து, பிறகு முப்பது, ஐம்பது. ஒருநாள், கடைசி வரிசையில் ஒருத்தி ஒழுங்காகக் குத்தவில்லை என்று கோபித்துக்கொண்டு, எப்படிக் குத்த வேண்டும் என்று காட்டுவதற்காக நிலாவே எழுந்து போனாள். அன்றிலிருந்து அவள் உட்காரவில்லை.

நான்தான் சும்மா இருக்கவில்லை. மஞ்சள் பெல்ட் தேர்வு வந்தபோது நிலாவின் பெயரை மாஸ்டர் சேர்க்கவில்லை. “இன்னும் கொஞ்சம் ஆவட்டும் சார்” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் மஞ்சள் பெல்ட் ஒன்றை வாங்கிவந்து, நிலாவுக்குக் கட்டி, படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். மாஸ்டரின் எண்ணும் என் கைப்பேசியில் இருப்பதை மறந்தே போனேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் என்னை ஓரமாக அழைத்தார்.

“ஸ்டேட்டஸ் பாத்தேன் சார். அந்தப் படத்துல புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா? கேமராவப் பாக்கல. பெல்ட்டையே பாத்துகினு கீது. அது தன்னுது இல்லன்னு அதுக்குத் தெரிது. அவசரம் உங்களுக்குத்தான் கீது சார், புள்ளைக்கு இல்ல.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு பெற்றோர் காதில் விழுந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. நிலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். இனி கராத்தே கிடையாது என்றேன். அவள் அழுதாள். ஒன்றை விடச் சொன்னதற்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அதைக் கவனிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு மாஸ்டர் நேரில் போவார். திட்ட மாட்டார், கெஞ்ச மாட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “சனிக்கெழம உன் எடம் காலியா கீது” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். மனைவி அலுவலகத்தில் இருந்தாள்; நிலா குளித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும், ஓடிக்கொண்டிருந்த டிவியை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். நான் திறக்கவில்லை. அவர் இரண்டாம் முறை அடிக்கவுமில்லை, போகவுமில்லை. தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு பிடிவாதம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் உள்ளே நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் போனார்.

அடுத்த வாரம், அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று குளியலறைக் கதவைத் தட்டப்போனேன். உள்ளே நிலா, மூச்சு வாங்க வாங்க, “நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு” என்று எண்ணிக்கொண்டிருந்தாள். தினமும் இப்படியா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அந்தச் சனிக்கிழமை நானே அவளை மாடிக்கு அழைத்துப்போனேன். மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. “வா, எண்ணு” என்றார், அவ்வளவுதான். மஞ்சள் பெல்ட்டை நிலா ஏழு மாதம் கழித்து வாங்கினாள்.

அன்று வீட்டில் இருந்துகொண்டே கதவைத் திறக்காததை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் அரை நிமிடம் காத்திருக்க முடியாத நான், இதை மட்டும் வாராவாரம் தள்ளிப்போட்டேன். தேர்வு முடியட்டும் என்றேன். மழைக்காலம் போகட்டும் என்றேன்.

செய்தி வந்த அந்தக் காலை, நிலாவை ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைச் சாலைக்கு வந்து, நெம்மேலி போய்ச் சேரும்வரை ஹாரனை அடித்துக்கொண்டே போனேன். யாருக்காக அந்த அவசரம் என்று நிலா கேட்டாள். மாலையைப் போட்டுவிட்டு, மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டும் அவருடைய கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறோம் என்றேன். இங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் நிலாவைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டார்.

“ஊரப்பாக்கம் சாரா? பாத்ரூம்ல எண்ணுன பாப்பா இதுதானா? ஒருநா உங்க வூட்டாண்ட வந்துட்டு அவ்ளோ சந்தோசமா வந்தா சார். பெல்லு அடிச்சிட்டு நின்னாளாம். பாத்ரூம் சன்னல் வழியா புள்ள எண்ணுறது கேட்டுச்சாம். அம்பது முடியிற வரைக்கும் நின்னு கேட்டேன், நல்லவேள யாரும் கதவத் தொறக்கல, தொறந்தா புள்ள நிறுத்தியிருக்கும்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.”

“நான் உள்ளே இருந்தேன்” என்றேன்.

“அதுவும் சொன்னா சார். டிவி ஓடிகினு இருந்துச்சாமே.”

மாஸ்டர், அன்று கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நின்றிருந்தேன். அதே குளியலறை எனக்கு நான்கடி தள்ளித்தான் இருந்தது. நீங்கள் எப்போது தொலைவீர்கள் என்று முனகிக்கொண்டிருந்ததில் என் மகளின் குரல் என் காதில் விழவில்லை. அவள் விட்டுவிடவில்லை என்பது எனக்கு ஒரு வாரம் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மன்னியுங்கள். போய் வாருங்கள்.