சோபாவில் ஒரு டிஷ்யூ பாக்கெட்

என் கணவர் வேலை பார்க்கும் நிறுவனம் ஜாலான் புசாரில் குழாய், வால்வு, திருகாணி விற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஹோட்டலில் விருந்து வைத்து அதிர்ஷ்டக் குலுக்கல் நடத்துவார்கள். அந்த முறை நான் ஏர் ஃபிரையர் மேல் கண் வைத்திருந்தேன். அவருக்கு விழுந்ததோ ஒரு கேம் கன்சோல். அதுவும் குடும்பத்தோடு ஆடுவதற்கென்று செய்த வகை. கன்ட்ரோலரைப் பிடித்துக் கையை வீசினால் திரையில் பந்து உருளும், குலுக்கினால் மீன் மாட்டும். ஆடத் தெரியாதவர்களுக்காகவே செய்த பெட்டி.

எங்கள் சுவா சூ காங் வீட்டில் அதற்கு முன்பே ஒரு கன்சோல் இருந்தது. அது என்னுடையது, நிஜமாக ஆடுபவர்களுக்கானது. ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை வீட்டில் இருக்கும் ஒரே டிவி எனக்குத்தான் என்பது கல்யாணமான புதிதிலேயே பேசி முடித்த விஷயம். வாரம் முழுக்க காப்புறுதி அலுவலகத்தில் யார் யாருக்கோ தலையாட்டும் எனக்கு, நான் கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றும் நேரம் அந்த மூன்று மணி நேரம்தான். நான் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசியில் நான்கு கை அரக்கன் ஒருவன் நிற்பான். நான்கு மாதமாக என்னை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தான். என் வாட்ஸ்அப் கேம் குழுவில் எல்லாரும் அவனைக் கொன்றாகிவிட்டது, நான் மட்டும்தான் பாக்கி. 'முடிச்சுட்டேன்' என்று அந்தக் குழுவில் ஒரு வார்த்தை எழுத வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

புதுப் பெட்டி வந்த மறுவாரமே ஞாயிறு பறிபோனது. பக்கத்து பிளாக்கில் இருக்கும் என் நாத்தனார் இரண்டு மணிக்கே வந்து போலிங் ஆட நின்றுவிட்டார். அக்காவும் தம்பியும் கையைச் சுழற்றிய சுழற்றலில் மின்விசிறி தப்பித்ததே பெரிய காரியம். மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. "இன்னும் ஒரே ஒரு கேம் லா" என்றார் கணவர். ஐந்து மணிவரை அந்த ஒரே ஒரு கேம் முடியவில்லை.

சண்டை முற்றியபோது தீர்ப்பு சொன்னவரும் அவரேதான். "ஃபுட் சென்டர் ரூல் வச்சுக்கலாம். யார் முதல்ல டிஷ்யூ வைக்கிறாங்களோ அவங்களுக்கு டிவி." இந்த ஊரில் உணவங்காடி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால், பசியில் உயிர் போனாலும் யாரும் அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகும் முன்பே சோபாவின் நடுவில் ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் டிவியின் மேல் இன்னொரு பாக்கெட் உட்கார்ந்திருந்தது.

"நீ சோபாவைத்தான் பிடிச்சிருக்கே. டிவிய நான் பிடிச்சிருக்கேன்" என்றார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை. நான் கையிலிருந்த வஞ்சிர மீனால் அவரை அடிக்காமல் விட்டது என் பெருந்தன்மை.

கோபத்தை எல்லாம் குழுவில் கொட்டினேன். இந்தச் சுலபப் பெட்டிகள்தான் நம்மை அழிக்கப்போகின்றன, கூட்டம் அந்தப் பக்கம் போனால் கஷ்டமான ஆட்டங்களை யார் செய்வார்கள், நாளைக்கு அரக்கனும் நம்மைப் பார்த்துக் கைகுலுக்குவான் என்று பத்தி பத்தியாக எழுதினேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ஒருவர் மட்டும், 'அந்த வாசல் வழியா வர்றவங்க ஒருநாள் நம்ம பக்கம் வருவாங்க' என்று எழுதினார். கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடிக்கும் என் கணவரை நினைத்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை ஐந்து அனுப்பினேன்.

ஒரு ஞாயிறு, "ஒரு ரவுண்டு ஆடிப் பாரேன்" என்று நாத்தனார் கன்ட்ரோலரைக் கையில் திணித்தார். மனம் இரங்கி ஆடினேன். என் பந்து முதல்முறை ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாம் முறையும் அங்கேயே விழுந்தது. கடைசியில் இருவருக்கும் கீழே, மூன்றாவதாக வந்தேன்.

"நீ வாராவாரம் ஆடுறவதானே?" என்றார் நாத்தனார். கிண்டலாகக் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன். உண்மையிலேயே சந்தேகமாகக் கேட்டார்.

எனக்குப் புதன்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. மதிய உணவு நேரத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு போலிங் பழக ஆரம்பித்தேன். பெயர் போடாமல், 'விருந்தினர்' என்ற கணக்கில்தான் ஆடினேன். மூன்றாவது புதன் மணிக்கட்டைத் திருப்பும் சூட்சுமம் பிடிபட்டது. ஐந்தாவது புதன் வீட்டிலேயே பெரிய ஸ்கோர் என்னுடையது. அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், எனக்கு அது பிடித்துப்போனதுதான் பெரிய அவமானம். குழுவில் அந்தப் பெட்டிகளைத் திட்டி இன்னொரு பத்தி எழுதி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு நாத்தனார் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார், டிவி எனக்கே கிடைத்தது. கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பல வாரம் கழித்து என் கன்சோலைத் திறந்தால், ஆட்டக்காரர் பட்டியலில் என் வீராங்கனைக்குக் கீழே இன்னொரு ஆள் நிற்கிறான். தொப்பை, அடர்ந்த மீசை, ஆட்டத்துக் கடையில் கிடைப்பதிலேயே கனமான இரும்புக் கவசம். பக்கத்தில் நிற்கும் இடம் முதல் வாசல், ஆடிய நேரம் முப்பத்தொரு மணி என்று போட்டிருந்தது. இறந்த தடவை இருநூற்றுப் பன்னிரண்டு.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. கணவருக்குச் சனிக்கிழமை வேலை, அதற்குப் பதில் வியாழன் லீவு. அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் இருப்பேன். அத்தனை வியாழனும் இந்த மனிதர் தனியாக உட்கார்ந்து, ஆட்டத்தின் முதல் வாசல் காவலாளியிடம் இருநூற்றுப் பன்னிரண்டு முறை செத்திருக்கிறார். அந்தக் காவலாளியை நான் இரண்டாவது முயற்சியிலேயே தாண்டியவள்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேனா என்று. மாட்டேன் என்பதும் உடனே தெரிந்தது. 'இதுகூடத் தெரியலையா' என்று கேட்டிருப்பேன், அவரும் அத்தோடு விட்டிருப்பார். யார் எந்தக் கட்டத்தில் நின்றாலும் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வசதி அந்த ஆட்டத்தில் முதலிலிருந்தே உண்டு. நான்தான் ஒருநாளும் அந்தப் பக்கமே போனதில்லை. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அரக்கனோடு ஆட மனம் வராமல் பெட்டியை அணைத்தேன்.

அடுத்த ஞாயிறு சோபாவில் பாக்கெட்டை வைத்தேன், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கன்ட்ரோலர் வைத்தேன். கணவர் வந்து பார்த்தார்.

"எதுக்கு ரெண்டு?"

"உங்க மீசைக்காரரக் கூட்டிட்டு வாங்க. அரக்கன் காத்துட்டு இருக்கான்."

காதுவரை சிவந்துபோனார். ஆனால் அசரவில்லை. "அது சரி, போலிங்ல என் ஸ்கோர ஒரு கெஸ்ட் அடிச்சிருக்காங்களே? நம்ம வீட்டுக்குப் புதன்கிழமை எந்த கெஸ்ட் வர்றாங்க?"

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. "உட்காருங்க" என்றேன்.

முதல்முறை நான்கு நொடியில் செத்தார். இரண்டாம் முறை படியில் தடுக்கி, அரக்கன் தொடாமலேயே பள்ளத்தில் விழுந்து செத்தார். ஒவ்வொரு முறையும் "நான் போய்ட்டேன் லா, நீ அடி!" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டே செத்தார். ஆனால் அந்த நான்கு நொடியும் அரக்கன் அவரையே மிதித்துக்கொண்டிருந்ததால், அவன் முதுகில் எனக்கு இரண்டு வெட்டு கூடுதலாகக் கிடைத்தது. நான்கு மாதத்தில் அவன் முதுகை நான் பார்த்ததே அன்றுதான்.

ஒன்பதாவது முறை அவர் பயந்துபோய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் ஒருத்தியாகவே அரக்கனின் உயிரை நூலளவுக்குக் குறைத்துவிட்டேன். இன்னும் ஒரே வெட்டு. பேராசைப்பட்டு முன்னால் பாய்ந்தேன், சுத்தியலால் ஒரே போடு போட்டான். திரையில் தூணும் மீசைக்காரரும் மட்டும் மிச்சம்.

"அடிங்க! அடிங்க!"

"எந்த பட்டன்? எந்த பட்டன்?"

பதில் சொல்வதற்குள் அரக்கன் வந்துவிட்டான். என் கணவர் துள்ளி எழுந்து, பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்து, வலக்கையைப் பின்னால் கொண்டுபோய்ப் போலிங் பந்தை உருட்டுவதுபோலக் கன்ட்ரோலரை வீசினார். அந்த வீச்சில் கட்டைவிரல் எதன்மீதோ அழுந்தியிருக்க வேண்டும். மீசைக்காரர் கோடரியைச் சுழற்றினார். நான்கு கைகளும் ஒவ்வொன்றாகத் தொங்கி, அரக்கன் மண்டியிட்டு விழுந்தான்.

பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் பார்வை. "சாரி மா. உன் அரக்கன்" என்றார்.

பொறாமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்கு மாதம் நான் அடிவாங்கி வளர்த்த அரக்கன். ஆனால் அவரைக் கட்டிப்பிடித்துக் கத்தியதும் நான்தான். குழுவில் 'முடிச்சுட்டேன்' என்று எழுதினேன். அதை அழித்து 'முடிச்சுட்டோம்' என்று எழுதி அனுப்பினேன். யார், எப்படி என்று கேள்விகள் வந்தன. சுலபப் பெட்டிகளைப் பற்றி நான் எழுதிய பத்திகள் மேலேயே இருந்ததால் பதில் போடவில்லை.

என்னைக் கேட்டால் அந்தப் பெட்டியால் எனக்கு நஷ்டம்தான். மூன்று மணி நேரம் போனது போனதுதான். மறுவாரம் தேக்காவிலிருந்து மீனோடு திரும்பியபோது சோபாவில் மூன்று டிஷ்யூ பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. நடுவில் நான் காலையில் வைத்தது, இடப்பக்கம் கணவருடையது. வலது ஓரத்தில் புதிதாக ஒன்று. சமையலறையில் நாத்தனாரின் குரல், "அந்த அரக்கன எனக்கும் காட்டு டா" என்று தம்பியைக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

ரூல்படி ஒருவர் வைத்த பாக்கெட்டை இன்னொருவர் நகர்த்தக் கூடாது. நான் மீனைக் கீழே வைத்துவிட்டு, என் பாக்கெட்டை எடுத்து ஓரத்தில் வைத்தேன், நாத்தனாருடையதை நடுவில் வைத்தேன். புதிதாக ஆட வருபவருக்குத் திரை நேராகத் தெரிய வேண்டும்.