இருப்பதிலேயே பெரிய டிஸ்க்

எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் கூடாது என்று சொன்னதே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரையும் தப்பாக நினைத்துவிடாதீர்கள். வெளியே போகிறேன் என்று நான் கேட்டால், போக வேண்டிய தேவை இல்லாதபடி எதையாவது வாங்கி வந்துவிடுவார்கள். தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றேன், தையல் மெஷின் வந்தது. கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன் என்றேன், யாரோ விற்ற பழைய கம்ப்யூட்டர் வந்தது. அரக்கோணத்து அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்றேன். ஹார்ட் டிஸ்க் வந்தது.

கம்ப்யூட்டரை நானாகவேதான் தட்டித் தட்டிக் கற்றேன். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் தெலுங்கிலும் இருந்தால்தான் இரண்டு பக்கத்து உறவும் திருப்தியாக வரும். எனக்கு இரண்டும் அடிக்க வரும் என்று தெரிந்து அந்த அச்சகத்துக்கார அம்மா வேலை கொடுக்க ஆரம்பித்தார். பஸ்ஸில் கையெழுத்துத் தாள்கள் வரும். அடித்து, சி.டி.யில் பதிந்து திருப்பி அனுப்புவேன். சாமி படம், பூ பார்டர், மணமக்கள் போட்டோ என்று சேர்ந்து சேர்ந்து, பத்து ஜி.பி. டிஸ்க் ஒருநாள் நிரம்பிவிட்டது. எதையும் சேமிக்க முடியவில்லை.

அச்சகத்து அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"நான் எத்தினி நாளா சொல்லிகினு இருக்கிறேன்? இங்க வந்து உக்காரேன்மா. பெரிய மெஷின் சும்மா கெடக்குது. கல்யாண வீட்டுக்காரங்க பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடும். மாசி முகூர்த்தம் வர்றதுக்குள்ள சொல்லு. இல்லன்னா நான் வேற ஆளப் போட்டுக்கணும்."

எனக்கு மெஷின் மேல் ஆசை இல்லை. ‘பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல’ என்றாரே, அதன் மேல்தான் ஆசை. நான் மனுஷர்கள் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள். நாலு பேர் பேசுவது காதில் விழாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் காலையில் எல்லோரும் போனபின் என் கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் ஒன்றுதான் துணை.

ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டேன். என் கணவருக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "டிஸ்க்குதான ரொம்பிடுச்சு? பெருசா ஒன்னு போட்டுடலாம், விடு" என்றார்.

"ஆங், அத்த வாங்கிப் போடு" என்றார் மாமியார். "ரயில்ல இடிபட்டுகினு இன்னாத்துக்குப் போவணும், பாவம்." சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். அந்த ‘பாவம்’ உண்மையான பாவம். அதை எதிர்த்து என்ன பேசுவது?

கடைக்குச் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு எல்லாம் கூட்டம். சனிக்கிழமை கொழுந்தனார் கடையைப் பார்த்துக்கொள்ள, நாங்கள் இருவரும் அரக்கோணம் போனோம். கம்ப்யூட்டர் கடைக்காரர் முதலில் கேட்டது, உள்ளே இருப்பது பட்டைக் கேபிளா, மெல்லிசுக் கேபிளா என்று. மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். "பட்டை" என்றேன். பழைய மெஷின், அதற்குத் தகுந்த டிஸ்க்தான் சேரும் என்றார்.

"சைஸு எவ்ளோ பாக்கறீங்க?"

"இருக்கறதுலயே பெருசா குடுங்க" என்றார் என் கணவர். "இனிமே இதுக்காக இவங்க அலையவே கூடாது."

"நூத்தி அறுபது இருக்குது. ஆனா பழைய போர்டு அத முழுசாக் காட்டாது சார். எண்பதுன்னா கண்ண மூடிகினு போடலாம்."

"இருபது ஜி.பி. போதுங்க" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "இருபது இப்ப வர்றதே இல்ல மேடம். நாப்பதுலேர்ந்துதான். அதுக்கும் எண்பதுக்கும் ஓட்டல்ல ரெண்டு பேரு சாப்புடற காசுதான் வித்தியாசம்."

மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. எண்பதில் திருத்தணி தாலுகா முழுக்கக் கல்யாணம் செய்து, அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்தாலும் இடம் மிச்சம் இருக்கும். அதன்பின் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. "நாற்பது" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எண்பதைக் கையில் வாங்கிவிட்டார். கையில் எடைபோட்டுப் பார்த்தவர் முகம் மாறியது.

"கனமா இருக்குதே. இது இரும்பா?"

"சுத்தி அலுமினியம் சார். மேல் மூடி மட்டும் இரும்பு."

அவர் அதை அப்படியே கண்ணாடி மேசை மேல் வைத்துவிட்டார். "இன்னிக்கு சனிக்கெழம. இரும்பு வாங்கினு போனா எங்கம்மா வாசல்லயே நிக்க வெச்சிடுவாங்க."

கடைக்காரர் கேலி செய்வார் என்று பார்த்தேன். "எங்க வீட்டுலயும் ஆணிகூட வாங்கமாட்டாங்க சார்" என்று டிஸ்க்கை எடுத்து உள்ளே வைத்தார். "திங்கக்கெழம பழைய பொட்டியையும் எடுத்துகினு வாங்க. அதுல இருக்கறதெல்லாம் இதுல ஏத்திக் குடுத்துடறேன்."

திங்கட்கிழமை கிருத்திகை. எங்கள் கடையை விட்டு என் கணவரால் அசைய முடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீயே போய்ட்டு வந்துடு" என்றார். கல்யாணமான பிறகு நான் தனியாக ரயில் ஏறியது அன்றைக்குத்தான். பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த அம்மா, "தூங்குதா?" என்று கேட்டார். குழந்தை என்று நினைத்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

டிஸ்க்கில் ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிடும் என்றார் கடைக்காரர். அச்சகம் அடுத்த தெரு. போனேன். அந்த அம்மா பேச்சை வளர்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மணவூரிலிருந்து பெண்ணின் அப்பாவும் அவருடைய மச்சானும் வந்திருந்தார்கள். அப்பா பெயர்களைச் சொல்லச் சொல்ல அடித்தேன். மச்சான் எட்டிப் பார்த்து, அக்கா புருஷனைக் கேட்டார்.

"இன்னா பாவா, தாய்மாமன் பேரு பந்தல்காரன் பேருக்குக் கீழ கெடக்குது?"

"எடம் இல்லடா."

"எடம் இல்லியா? சரி, அப்ப சீரயும் பந்தல்காரன் கையிலயே வாங்கிக்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். "அம்மா, இவன மேல தூக்குமா. தூக்கலன்னா கல்யாணத்துல நான் இவனத் தூக்கிகினு சுத்தணும்."

நான் சிரித்த சிரிப்பில் எழுத்து தப்பிவிட்டது. அந்த மச்சானும் சிரித்துவிட்டார். மத்தியானம் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. கிளம்பும்போது அச்சகத்து அம்மா, "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் கடைக் கூட்டத்தைப் போட்டுவிட்டு என் கணவர் சீக்கிரம் வந்துவிட்டார், புது டிஸ்க் ஓடுவதைப் பார்க்க. மாமியார் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். திரையில் காலி இடம் எவ்வளவு என்று கணவர் விரலால் தொட்டுக் காட்டினார். "பாத்தியா? இனிமே உனக்குக் கவலயே இல்ல."

நான் அப்போதுதான் சொன்னேன். அச்சகத்தில் உட்கார்ந்து அடித்தது, பிடித்திருந்தது, தினமும் போகலாம் என்று நினைப்பது எல்லாம்.

அவர் கோபப்படவில்லை. என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இத இன்னாத்துக்கு வாங்கனோம்?"

நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை எனக்கும் வந்திருக்கும். கடையை விட்டு அரக்கோணம் வரை அலைந்து, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்த மனுஷனிடம், "சும்மாதான் கேட்டேன்" என்றேன். மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார்.

மறுநாள் போன் செய்து, வர முடியாது என்று சொன்னேன். "சரிம்மா" என்றார் அச்சகத்து அம்மா. "ஒரு பொண்ணு வேல கேட்டுகினு இருக்குது. அத்த வெச்சுக்கறேன். உனக்கு எப்பவும்போல தாளு அனுப்பறேன்."

மாசி பிறக்கும் முன்பே தாள்கள் கட்டாக வந்தன. டிஸ்க்கில் இடத்துக்குக் குறைவில்லை. ஒரு தாளில் யாரோ ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்து, அம்பு போட்டு இன்னொரு வரிக்கு இறக்கியிருந்தார்கள். யார் முறைத்தார்கள், யார் என்ன சொல்லி யாரைச் சிரிக்க வைத்தார்கள் என்பது தாளில் இல்லை. பெயரை இறக்கிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.