கதவு சாத்திய சத்தம்

1991 ஜனவரி 9. வந்து பார்த்த கூலி, 45 டாலர்.
ஜனவரி 15. புது உலை, 2,340 டாலர்.
ஜனவரி 24. மருத்துவமனை, 1,118 டாலர்.
ஜனவரி 28. சவப்பெட்டி, 1,650 டாலர்.

வடக்கு மினசோட்டாவில் இரும்புத்தாது ஏற்றிய ரயில் பெட்டிகளை முப்பத்தெட்டு வருடம் எடை போட்டவர் ஆர்விட் சால்மெலா. ஓய்வுபெற்ற பிறகு எடை போட ஒன்றும் இல்லாததால், நிலவறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் உலைக்கு ஒரு நோட்டுப் போட்டார். எப்போது பற்றியது, எப்போது அணைந்தது, எந்தத் தேதியில் காற்று வடிகட்டி மாற்றியது, என்ன செலவு ஆனது என்று எல்லாம் அதில் இருந்தது.

அந்த ஜனவரி ஒன்பதாம் தேதி விடிந்தபோது வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி. உலை செத்துக் கிடந்தது. பழுது பார்க்க வந்த டுவேன் ப்ரோகாப் ஆர்விட்டை மேலே அனுப்பிவிட்டுத் தனியாக வேலை செய்தான். உலையின் சூடான காற்று மேலே வருகிற தரைச் சட்டத்தின் மேல் காலுறையோடு நின்றிருந்தாள் மனைவி ஹெல்மி.

"கொஞ்ச நேரம் சூடா காத்து வந்துச்சுங்க. அப்புறம் நின்னுபோச்சு."

"வேலை தெரிஞ்சவன் பாத்துக்கிட்டிருக்கான். நீ சும்மா இரு."

டுவேன் மேலே வந்து, நெருப்பு எரியும் உள்பெட்டி விரிசல் விட்டுவிட்டது, விஷப்புகை கசியும் என்றான். எரிவாயுவை அடைத்து, யாரும் தொடக் கூடாது என்ற சிவப்புச் சீட்டைக் கட்டினான். அவனே விற்ற புது உலை வர ஆறு நாள் ஆயிற்று. உலை நின்றால் அந்தப் பக்கத்து ஃபின்லாந்துக்காரர்கள் எல்லாரும் செய்வதைத்தான் ஆர்விட்டும் செய்தார். கொல்லையில் இருந்த சவுனா என்ற வெந்நீராவிக் குளியல் அறையில் விறகைப் போட்டுப் படுக்கையை அங்கே மாற்றினார். கொதிக்கிற அறைக்கும் உறைகிற வீட்டுக்குமாக ஆறு நாள் நடந்தாள் ஹெல்மி. நிமோனியா வந்தது. இருபத்தாறாம் தேதி போய்விட்டாள்.

பழைய உலையைக் கொட்டகையில் போட்டிருந்தார். ஏப்ரலில் அதைப் பிரித்து, உள்பெட்டிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டுக் கொட்டகைக் கதவை மூடினார். எங்கேயும் ஒரு கீற்று வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. பிறகு நோட்டைப் புரட்டினார். ஜனவரி 8, மாலை 6.10: வடிகட்டி மாற்றினேன்.

வடிகட்டி மாற்றினால் உலையின் கீழ்க்கதவை டக்கென்று சத்தம் வருகிற வரை அழுத்திச் சாத்த வேண்டும். அரை அங்குலம் தள்ளி நின்றாலும் உலைக்கு மின்சாரம் வராது, பற்றாது. டுவேன் அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறான். உலை ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு நிறுத்தியிருக்கிறான்.

உலை பழுது பார்ப்பவர்களுக்கு உரிமம் தருகிற வாரியத்துக்கு எழுதினார். பிரித்துப் போட்ட உலையைச் சான்றாக ஏற்க முடியாது என்று பதில் வந்தது. அப்படியானால் பிரிக்காத உலை ஒன்றைத் தருவோம் என்று முடிவு செய்தார். எடை போடுகிற வேலை அவசரப்படாமல் இருக்கக் கற்றுக் கொடுத்திருந்தது.

1993 ஜனவரியில் ஹெல்மியின் தங்கை ஐலியின் வீட்டு உலையை வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்து, பழுதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் ஆர்விட் அதன் கீழ்க்கதவை அரை அங்குலம் இழுத்து வைத்துவிட்டு டுவேனைக் கூப்பிட்டார்.

அவன் நிலவறைக்குப் போன சற்று நேரத்தில் டக்கென்று சத்தம் கேட்டது. உலை ஓடியது. நின்றது.

"பெரியவரே, இங்க வாங்க. உள்பெட்டி போச்சு," என்றான் டுவேன். ஆர்விட்டின் முகத்தை உற்றுப் பார்த்தான். "உங்க வீட்டுக்கும் நான்தானே போட்டேன்? நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"வீட்டம்மா சௌக்கியமா?"

"அவளுக்கு இனிமே குளிராது தம்பி."

"அதான் நம்ம வேலை," என்று சிரித்தான் டுவேன். சிவப்புச் சீட்டைக் கட்டினான்.

"என்ன பழுதுன்னு அதுலயே எழுதிடு. மணியும் போடு. கையெழுத்து கொஞ்சம் புரியற மாதிரி இருக்கட்டும்."

"இவ்வளவு சுத்தமா கேக்கற ஆள நான் பாத்ததே இல்ல."

"இனிமேயும் பாக்க மாட்ட."

அவன் போனதும் ஐலி உலையைப் போடச் சொன்னாள். வாரியத்து ஆள் வருகிற வரை சீட்டில் கை படக் கூடாது என்றார் ஆர்விட்.

"அக்காவ குளிர்ல போட்ட மாதிரி என்னையும் போடறீங்களா அத்தான்?"

"நீ என் வீட்டுக்குப் போ. சூடா இருக்கு. நான் இங்க காவல் இருக்கேன்."

மூன்று நாள் அந்த வீட்டில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, மணிக்கொரு தரம் வெப்பம் குறித்தார். சமையலறைக் குழாய் உறைந்து வெடித்தது. அதையும் குறித்தார். நான்காம் நாள் வந்த வாரியத்து ஆள் உள்பெட்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். விரிசல் இல்லை. சீட்டை அவிழ்த்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆர்விட் பதினொரு பக்கம் புகார் எழுதினார். ஐலி அதைப் படித்தாள்.

"எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க. அன்னிக்கு உங்க வீட்டுல கதவ சரியா சாத்தாதது யாருன்னு எழுதினீங்களா?"

"ஒன்பதாம் பக்கத்துல பாரு."

அவள் புரட்டினாள். 'கதவைச் சரியாகச் சாத்தாதவன் நான். காற்று வந்தது என்று சொன்னவளை நம்பாதவனும் நான். அதற்கான தண்டனையை வாரியம் விதிக்க வேண்டியதில்லை. இவனுக்கு உரியதை மட்டும் விதித்தால் போதும்.'

டுவேன் ப்ரோகாப்பின் உரிமம் நிரந்தரமாகப் பறிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. ஆர்விட் அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். பழைய நோட்டை எடுத்து, சவப்பெட்டி வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி எழுதினார். எதிரே தொகை எதுவும் போடவில்லை. அன்றைய தேதி மட்டும்:

1993 மே 17.