முன்கதவு எந்தத் தெருவில்?

தொண்ணூறுகளில் காரைக்குடிப் பக்கம் ஒரு தீயணைப்பு நிலையத்தில் எனக்கு வாட்ச் ரூம் டியூட்டி. மணி அடித்தால் எல்லோரும் வண்டியேறிப் பறந்துவிடுவார்கள். போனும் வயர்லெஸ்ஸும் நானும்தான் மிச்சம். இத்தனை வருஷத்தில் நான் கண்ணால் பார்த்த தீ மிகக் குறைவு என்றால் என் வீட்டிலேயே நம்புவதில்லை.

ஒரு மதியம் ஒரு பெண் கூப்பிட்டார். பெரிய செட்டியார் வீடொன்றில் தனியாகக் காவலிருப்பவர், முதலாளிகள் சென்னையில். வீட்டின் நடுப்பகுதியான இரண்டாம் கட்டில் அடுக்கியிருந்த பழைய மெத்தைகளில் தீ என்று தெருப்பெயரைச் சொன்னார். வண்டியை அனுப்பினேன். போய்ச் சேர்ந்த டிரைவர் வயர்லெஸ்ஸில், அது பின்வாசல், புகையில் உள்ளே நுழைய முடியவில்லை என்றார்.

இன்னும் லைனிலேயே இருந்த அந்த அம்மாளோ போன் இருக்கும் முகப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். பின்வாசலுக்கும் அவருக்கும் நடுவில் தீ. முன்கதவில் வெளிப்பூட்டு, சாவி சென்னையில். அங்கெல்லாம் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்.

“முன்கதவு எந்தத் தெருவுல இருக்கு?”

“தெரியாதுங்க சார். ஆறு வருசமா பின்வாசல்லதான் போறேன், வாரேன். அந்தத் தெருப் பக்கம் நான் போனதே இல்ல.”

முன்பக்கத் தெருவுக்குச் சுற்றிப்போன டிரைவருக்குத் தலை சுற்றியது. வரிசையாகப் பூட்டிய வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. சைரனை நிறுத்தாமல் மெதுவாக ஊரச் சொன்னேன். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். முதலில் இருமல்தான் கேட்டது. பிறகு கொசு முனகுவதுபோல் சைரன். வளர்ந்தது. குறைந்தது.

“தாண்டிட்டீக. பின்னால வாங்க... அங்கதான், நிறுத்துங்க” என்று டிரைவருக்கு வயர்லெஸ்ஸில் சொன்னேன்.

கடப்பாரை பூட்டில் விழும் சத்தம் ரிசீவரிலேயே கேட்டது. அத்தோடு லைன் செத்தது.

வயர்லெஸ்ஸிலும் பதில் இல்லை. வண்டி திரும்பும்வரை அவர் பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. வந்தவர்கள் முதலில் டீ கேட்டார்கள். அம்மா நல்லாயிருக்காக என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

புதிதாக வாட்ச் ரூமுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விலாசத்தோடு நிறுத்தாதீர்கள். எங்கே நிற்கிறார், எந்த வழியாக வெளியே வரலாம், அங்கே என்ன கேட்கிறது, அதையும் கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து அதே குரல்.

“தீயெல்லாம் இல்லங்க சார். புதுப்பூட்டு போட்டு சாவிய என்கிட்டயே குடுத்துட்டாக. முன்கதவத் தொறந்து தெருப்பேரப் பாத்துட்டு வந்தேன். எழுதிக்கிறீகளா?”

அவசர லைனில் வேறு பேச்சு கூடாது என்பது விதி. எழுதிக்கொண்டேன். அன்றைக்குக் கேட்கத் தோன்றாத பெயரையும் கேட்டேன். செசிலி என்றார். அதை யாராவது கேட்டு நாளாகியிருக்க வேண்டும். இரண்டு முறை சொன்னார்.